அட்டாலியில் கிடக்கும் சால்டரிங் அயர்ன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கைப் பழக்குவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் வெப்பக் கட்டுப்பாடு உள்ள புதிய சால்டரிங் ஸ்டேஷன் ஒன்றை வாங்கிய பிறகே பிள்ளைகள் தொடங்க வேண்டும் என்றும், வீட்டில் பழைய சால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கி மின் பாகங்களைப் பற்றவைக்கும் கருவி) இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதல் யோசனை கையில் காசு உள்ளவர்களுக்குப் பொருந்தும். இரண்டாவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் எழுபதுகளில் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகி, பின்னர் ஒரு நூற்பாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டு என் பேத்தி அட்டாலியை, அதாவது பரணை, சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கி வந்து, "ஏனுங்க அப்பிச்சி, இதெல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போட்டறலாமுங்களா?" என்று கேட்டாள். அந்த டின்னில் மரக் கைப்பிடி போட்ட 65 வாட் அயர்ன் ஒன்றும், 25 வாட் அயர்ன்கள் மூன்றும், துப்பாக்கி வடிவ சால்டரிங் கன் ஒன்றும், ஒரு செம்புக் கட்டையும் இருந்தன. இன்று அவற்றில் நான்கு வேலை செய்கின்றன. அந்தப் பெண் தானே பற்றவைத்த தண்ணீர்த் தொட்டி அலாரம் எங்கள் மாடியில் நாள்தோறும் காலையில் கத்துகிறது. ஆகவே நான் சொல்வது ஏட்டறிவு அன்று.

கோவையில் எந்தத் தொழிலைப் பற்றிப் பேசினாலும் கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடுவில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. நானும் அவர் பெயரை ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் இங்கே எடுக்கிறேன். அவருடைய யு.எம்.எஸ். ரேடியோ போன்ற வால்வு ரேடியோக்களில் இன்றைய பிசிபி, அதாவது செம்புப் பாதைகள் பதித்த அட்டை, கிடையாது. உதிரிப் பாகங்கள் எல்லாம் தகட்டுச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்திலும், கம்பிகளைப் பிடிக்கும் டேக் பட்டைகளிலும் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். சேஸிஸ் தகடு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தக் காலத்து மெக்கானிக்குகள் 65 வாட் அயர்னை வைத்திருந்தார்கள். டிரான்சிஸ்டர் வந்த பிறகே 25 வாட் போதும் என்றானது. பழைய அயர்னைப் பார்த்ததும் "இது எவ்வளவு பெரிசு, இதால் எப்படி" என்று முகம் சுளிப்பவர்கள், அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இடுக்கியால் எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய கடுகளவு பாகங்களுக்கும், செல்போன் போர்டுக்கும் அது ஆகாது. அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளை செல்போன் போர்டிலா தொடங்கப்போகிறது? கால் உள்ள ரெசிஸ்டர், கெபாசிட்டர், பிசி 547 டிரான்சிஸ்டர், எல்இடி, பஸ்ஸர் இவற்றைப் பற்றவைக்கப் பழைய 25 வாட் அயர்ன் தாராளமாகப் போதும்.

பழைய அயர்ன் பெரும்பாலும் செத்துப்போவதில்லை. அதன் பிட், அதாவது முனை, கறுத்துப் போய் ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுவதால்தான் அது கெட்டுவிட்டது என்று எண்ணி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பழைய அயர்ன்களின் பிட் வெறும் செம்பு. நாம் ஈயம் என்று சொல்லும் சால்டரில் உள்ள வெள்ளீயம் உருகியதும் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் குணமுடையது. அதனால் முனையில் குழி விழும், ஓரம் அரித்துப்போகும். இதற்கு மருந்து சாதாரண அரம்தான். அயர்ன் ஆறியிருக்கும்போது பிட்டைக் கழற்றி, வைஸில் பிடித்து, ஸ்குரூ டிரைவர் முனையைப் போல இரண்டு பக்கமும் சரிவாக அராவி, உள்ளேயிருந்து புதுச் செம்பின் இளஞ்சிவப்பு நிறம் முழுதாகத் தெரியும்வரை கொண்டுவர வேண்டும். பின்னர் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு.

இதற்கு அடுத்த கட்டத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அராவிய பிட்டை மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, நன்றாகச் சூடாகட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்குள் செம்பு முதலில் ஆரஞ்சாகி, பிறகு ஊதா படர்ந்து, கடைசியில் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு செம்பின் ஆக்சைடு. அதன்மேல் ஈயம் ஒருபோதும் ஒட்டாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் காட்டிய வழி வேறு. அயர்ன் குளிர்ந்திருக்கும்போதே, உள்ளே ரோசின் என்னும் மரப் பிசின் உள்ள சால்டர் கம்பியை அராவிய முனையைச் சுற்றி நெருக்கமாக ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டு, அதன்பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சில நிமிடங்களில் முதலில் ரோசின் இளகி முனையை நனைக்கும். மெல்லிய புகை எழும். உடனே கம்பி தானாகவே உருகிச் சரிந்து, முனை முழுவதும் கண்ணாடி போல வெள்ளை பாய்ந்துவிடும். ஈரத் துணியில் ஒரே இழுப்பில் துடைத்தால் முனை பளபளக்கும். அதைப் பார்த்த என் பேத்தி வாயைத் திறந்தபடி நின்றாள். எனக்கும் அந்தக் காட்சி இன்றளவும் சலிக்கவில்லை.

இது நம் ஊருக்குப் புதிதும் அன்று. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் துருத்தியும் கரியுமாக வந்து உட்கார்ந்து, அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளைப் புகை எழும்போது ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுத் துடைப்பார். உட்புறம் வெள்ளியாக மின்னும். அவர் செய்ததும் இதுவும் ஒரே வேலைதான்: உலோகத்தின் மேலுள்ள கறையை நீக்கு, அது மீண்டும் படிவதற்குள் ஈயத்தால் மூடு. ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். நவச்சாரமும், தகர வேலைக்காரர்கள் பயன்படுத்தும் துத்தநாகம் கரைத்த அமிலமும் எலக்ட்ரானிக்ஸ் பக்கமே வரக்கூடாது. நான் முதன்முதலில் எனக்கென்று கட்டிய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு, சீக்கிரம் ஒட்டுகிறதே என்ற ஆசையில், பக்கத்துத் தகரக் கடையின் அமிலத்தைத் தொட்டு வைத்தேன். பாட்டு அருமையாகக் கேட்டது. ஐப்பசி அடைமழை முடிவதற்குள் ஒவ்வொரு இணைப்பிலும் பச்சை பூத்து, கம்பிகள் இற்று விழுந்தன. அமிலம் விட்டுச்செல்லும் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கடையில் டப்பாவில் வரும் பேஸ்ட்டை வாங்கும்போது அது ரோசின் பேஸ்ட்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அராவுவது பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. பிற்காலத்து அயர்ன்களிலும் இன்றைய ஸ்டேஷன்களிலும் வரும் பிட்டின் மேல் இரும்பு முலாம் பூசப்பட்டிருக்கும். செம்பை ஈயம் தின்னாமல் காப்பதே அந்த முலாமின் வேலை. அதன்மேல் அரத்தை வைத்தால் முலாம் கிழிந்து, உள்ளே இருக்கும் செம்பு சில வாரங்களில் பொந்தாகிவிடும். முலாம் உள்ள பிட் வெள்ளி நிறமாக இருக்கும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். வெறும் செம்பு ஒட்டாது. அரத்தை எடுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை எடுங்கள்.

இனிப் பாதுகாப்பு. கட்டுரையாளரின் அச்சம் இங்கேதான் நியாயமானது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். பழைய அயர்னை எடுத்தவுடன் பிளக்கில் செருகக்கூடாது. முதலில் மல்டிமீட்டரில் அதன் இரண்டு பின்களுக்கும் இடையே மின்தடையைப் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டில் இயங்கும் 25 வாட் அயர்ன் ஏறத்தாழ 2,100 ஓம் காட்டும். 35 வாட் 1,500 ஓம். 65 வாட் 800 ஓமுக்குச் சற்று மேல். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். அயர்னைச் சூடாக்கும் எலிமென்ட்டில் உள்ள நைக்ரோம் கம்பியின் தடை குளிரிலும் சூட்டிலும் பெரிதாக மாறாது என்பதால் குளிர்ந்த நிலையிலேயே இப்படி அளந்துவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஓம் விதிப் பாடம் எனக்குத் தெரியவில்லை. மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் வயர் அறுந்திருக்கலாம் அல்லது எலிமென்ட் போயிருக்கலாம். பத்தில் ஆறேழு முறை கைப்பிடிக்குள் வயர் வளையும் இடத்தில்தான் அறுந்திருக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்தது அயர்னின் உலோக உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்ற சோதனை. நம் பகுதி மெக்கானிக்குகள் அனைவரிடமும், மின்சாரம் ஒரு பல்பு வழியாகவே வெளிவரும் சீரிஸ் லாம்ப் பலகை இருக்கும். ஒரு முனையைப் பின்னிலும் மறு முனையை அயர்னின் உலோகக் குழாயிலும் வைத்து, பல்பு எரியவில்லை என்றால் "சரியா இருக்குது" என்று சொல்லிவிடுவார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். அவ்வாறு நானே சோதித்துத் தேர்ச்சி கொடுத்த ஓர் அயர்ன், மழைக்காலத்தில் ஈரச் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்த என்னை ஒருநாள் தூக்கி எறிந்தது. காரணம் எளிது. 60 வாட் குண்டு பல்பு முழுதாக எரியக் கால் ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆளைக் கொல்ல அதில் பத்தில் ஒரு பங்கே போதும். அந்த அளவு கசிவுக்கு அந்தப் பல்பின் இழை சிவக்கக்கூடச் சிவக்காது. சீரிஸ் லாம்ப் நேரடி ஷார்ட்டைக் காட்டும், கசிவைக் காட்டாது. மல்டிமீட்டரும் உள்ளே இருக்கும் சிறு பேட்டரியின் பலத்தில்தான் அளக்கிறது என்பதால் அதையும் முழுதாக நம்ப முடியாது.

இதற்கு மெக்கர் வேண்டும். 500 வோல்ட்டைக் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் அந்தக் கருவியை வீட்டில் யாரும் வைத்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். வேறு மாவட்டங்களில் அது சிரமமாக இருக்கலாம். கொங்குச் சீமையில் அப்படி இல்லை. கோவையிலிருந்து பல்லடம், அவிநாசி, பெருந்துறை, கோபி என்று எந்தச் சாலையில் போனாலும் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. கட்டி முடித்த மோட்டாரைக் கொடுப்பதற்கு முன் மெக்கர் வைத்துப் பார்ப்பது அவர்களுடைய அன்றாட வேலை. அயர்னைக் கொண்டுபோய், பின்னுக்கும் உடம்புக்கும் இடையே ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொன்னால் ஒரு நிமிடம் ஆகும். ஒரு மெகா ஓமுக்கு (பத்து லட்சம் ஓம்) கீழே காட்டினால் அந்த அயர்னைப் பயன்படுத்தக்கூடாது. ஆனால் உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். பல ஆண்டுகள் அட்டாலியில் கிடந்த அயர்னின் உள் இன்சுலேஷன் ஈரம் குடித்திருக்கும். மோட்டார் காயிலை உலர்த்துவதைப் போல அதையும் உலர்த்த வேண்டும்: சீரிஸ் லாம்ப் வழியாக மின்சாரம் கொடுத்து, மரப்பலகை மேல் யாரும் தொடாத இடத்தில் ஒரு மணி நேரம் சூடாக விட்டு, ஆறிய பிறகு மீண்டும் மெக்கர் வைக்க வேண்டும். எங்கள் டின்னில் இருந்த 65 வாட் அயர்ன் முதலில் அரை மெகா ஓம்கூடக் காட்டவில்லை. உலர்த்திய பிறகு மெக்கரின் முள் கடைசிவரை ஓடியது.

வயரைப் பொறுத்தவரை, பழைய இரட்டை வயரை அப்படியே விடக்கூடாது. மூன்று கம்பி வயராக மாற்றி, பச்சைக் கம்பியை உலோகக் குழாயின் திருகில் இறுக்க வேண்டும். எர்த் உள்ள அயர்ன், ஆளையும் காக்கும், மாஸ்ஃபெட், ஐசி போன்ற நுட்பமான பாகங்களையும் காக்கும். சாதாரண பிவிசி வயர் சூடான பிட் பட்டவுடன் உருகிவிடும் என்பதால், இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் துணி உறை வயரைப் போடுவது நல்லது. எந்த எலக்ட்ரிகல் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும், சற்றுக் கனமாக இருக்கும், அவ்வளவுதான். கைப்பிடிக்குள் வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் கட்டாயம் வேண்டும். வீட்டு பிளக் பாயின்டின் மூன்றாவது துளையில் உண்மையிலேயே எர்த் வருகிறதா என்பதையும் வயர்மேன் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். சுவருக்குள் அந்தக் கம்பியே போகாத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்திய வீடாக இருந்தால் இன்னும் நிம்மதி.

மிகப் பழைய அயர்ன்களில் எலிமென்ட்டைச் சுற்றியோ, வயரின் துணி உறைக்கு உள்ளேயோ மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் வெள்ளை நாராக இருக்கக்கூடும். மைக்கா தகடு ஏடு ஏடாக, கண்ணாடி போல இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பஞ்சு போலப் பிரியும் வெள்ளை நாரைக் கண்டால் அதைப் பிய்க்காமல், ஊதாமல், நனைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒதுக்கிவிடுங்கள். அந்த அயர்னை மட்டும் உயிர்ப்பிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வெப்பக் கட்டுப்பாடு இல்லையே என்பது கட்டுரையாளரின் மற்றொரு குறை. பழைய அயர்னிலும் அதற்கு வழி உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிட்டைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, பிட்டைக் குழாயிலிருந்து சற்று வெளியே இழுத்தால் முனையின் சூடு குறையும்; உள்ளே தள்ளினால் கூடும். ரேடியோக் கடையில் நாங்கள் வேலைக்குத் தகுந்தாற்போல் இதைத்தான் செய்தோம். இன்னொரு வழி, வயரில் ஒரு 1என்4007 டையோடைத் தொடராகப் போட்டு, அதற்கு இணையாக ஒரு சுவிட்சை வைப்பது. சுவிட்ச் திறந்திருந்தால் டையோடு மின்னோட்டத்தின் ஒரு பாதி அலையை மட்டுமே விடும். 25 வாட் அயர்ன் பன்னிரண்டரை வாட்டில் வெதுவெதுப்பாகக் காத்திருக்கும். வேலை வரும்போது சுவிட்சைப் போட்டால் சிறிது நேரத்தில் முழுச் சூட்டுக்கு வந்துவிடும். டையோடின் விலை சில ரூபாய்தான். ஆனால் இது 230 வோல்ட் வேலை என்பதால் பெட்டிக்குள் மூடி வைத்து, பெரியவர்கள்தான் செய்துகொடுக்க வேண்டும்.

பெரிய அயர்னில் சிறிய வேலை செய்ய ஒரு நாட்டு வைத்தியமும் இருக்கிறது. காயில் கட்டும் கடையில் கழித்துப் போடும் தடித்த செம்புக் கம்பியில் ஒரு சாண் நீளம் வாங்கி, மேலுள்ள எனாமலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிட்டின்மேல் இறுக்கமாகச் சுற்றி, நுனியை அரை அங்குலம் நீட்டிவிட்டு, அந்த நுனியை அராவி ஈயம் பூசிவிட்டால் அதுவே மெல்லிய பிட் ஆகிவிடும்.

துப்பாக்கி வடிவ கன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிவி மெக்கானிக்குகளின் கடைகள் மூடப்பட்டபோது பழைய இரும்புக்குப் போனவற்றில் அவையும் உண்டு. அமெரிக்காவில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த கார்ல் வெல்லர் என்பவர், அயர்ன் சூடாகக் காத்திருந்து அலுத்துப்போய் உருவாக்கி 1946இல் காப்புரிமை பெற்ற கருவி அது. உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர். அதன் வெளிச்சுற்று தடித்த செம்பால் ஆன ஒரே சுற்று. முனையிலிருக்கும் வளைந்த கம்பி வழியே மிகக் குறைந்த வோல்ட்டில் பெருமளவு ஆம்பியர் பாய்ந்து சில விநாடிகளில் சூடாகிவிடும். "கன் சூடாகவில்லை" என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றின் நோய் ஒன்றேதான்: முனைக் கம்பியைப் பிடிக்கும் இரண்டு நட்டுகளும் தளர்ந்து, தொடும் இடம் கறுத்திருக்கும். கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் உயிர் வந்துவிடும். முனை அறுந்திருந்தால் வீட்டு வயரிங் கம்பியில் ஒற்றை இழைச் செம்பை அதே தடிமனில் வெட்டி வளைத்துப் போட்டுக்கொள்ளலாம். தடித்த வயர்களுக்கும் சேஸிஸ் எர்த்துக்கும் கன் அருமையானது. ஐசி பக்கம் அதைக் கொண்டுபோக நான் பரிந்துரைக்கமாட்டேன். செம்புக் கட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அடுப்பில் காய்ச்சித் தகரம் ஒட்டுவதற்கு உரியது. என் வீட்டில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

ஈயம் வாங்கும்போது தொடக்கக்காரர்களுக்கு 63க்கு 37 அல்லது 60க்கு 40 என்ற விகிதத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பியே ஏற்றது. 63க்கு 37 கலவை 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுச் சாதனங்களில் காரீயத்துக்குத் தடை கொண்டுவந்த பிறகு பரவலான காரீயம் இல்லாத கலவைகள் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அவற்றில் வெள்ளீயம் மிகுதி என்பதால் பழைய செம்பு பிட்டை வேகமாகத் தின்றும்விடும். காரீயம் நஞ்சு என்பதில் ஐயமில்லை. ஆனால் சால்டரிங் சூட்டில் அது ஆவியாவதில்லை. கையில் ஒட்டி வாய்க்குள் போவதுதான் ஆபத்து. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், வேலை மேசையில் முறுக்குத் தட்டு வைக்கக்கூடாது, சமையலறையில் செய்யவே கூடாது. கண்ணில் எரியும் புகை ரோசின் புகை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. சன்னலோரம் உட்கார்ந்து, சிறிய ஃபேனால் புகையை வெளியே தள்ளிவிட வேண்டும். கண்ணாடி அணிவதும் நல்லது, அறுத்துவிடும் கால் துண்டுகள் எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

என் பேத்தி முதல் நாளில் வைத்த இணைப்புகள் எல்லாம் மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்று சொல்லும் வகை; மங்கிய சாம்பல் நிறத்தில் உருண்டையாக உட்கார்ந்திருந்தன. அவள் ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி எடுத்துவந்து கம்பியில் தடவிக்கொண்டிருந்தாள். "அம்மிணி, ஈயத்தை அயர்னுக்குக் காட்டாதே. கம்பியைச் சூடாக்கு, ஈயம் தானா ஓடி வரும்" என்று சொன்னேன். முனையைப் பாகத்தின் காலும் பிசிபியின் செம்பும் சேருமிடத்தில் வைத்து, இரண்டு விநாடி பொறுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயத்தைத் தொட்டாள். அது வழுக்கிப் பரவி, காலைச் சுற்றிச் சிறு கோபுரம் போல நின்றது. அதற்குப் பிறகு அவளை மேசையிலிருந்து எழுப்புவதுதான் எங்களுக்குப் பாடாகப் போயிற்று. மாடியில் கத்தும் அந்த அலாரம் இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் கொண்டது. தொட்டி நிரம்பினால் தண்ணீர் இரண்டு கம்பிகளையும் இணைத்து பஸ்ஸரை ஒலிக்கவிடும்.

அரசுக்கும் இதில் சிறிது தொடர்பு உண்டு. 1.4.2023 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் சால்டரிங் கருவிகளும் இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே அயர்னைக் குப்பையில் எறிவது சட்டப்படியும் சரியான வழி அன்று. மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் கிடைத்த பள்ளிகளில் புதுக் கருவிகள் இருக்கின்றன. கிடைக்காத பள்ளிகளே அதிகம். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்க அனுமதிக்க வேண்டுகிறேன். போகிக்கு அட்டாலியை ஒழிக்கும் வீட்டார், அயர்ன் கிடைத்தால் அதைத் தெருவிலுள்ள பழைய ரேடியோ அல்லது டிவி மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். கடையை மூடியிருந்தாலும் கை மறந்திருக்காது. காயில் கட்டும் கடைக்காரர்கள், பிள்ளைகள் அயர்னோடு வந்து நின்றால் மெக்கர் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். பெரிய மோட்டார் காத்திருக்கிறது என்று விரட்டிவிடாதீர்கள். தங்கள் நாளிதழ், அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, "தூக்கிப் போடுங்கள்" என்பதற்குப் பதிலாக "சோதித்துப் பாருங்கள்" என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

எங்கள் டின்னில் இருந்த 25 வாட் அயர்ன்களில் ஒன்று மட்டும் இன்னும் உயிர் பெறவில்லை. வயர் நன்றாக இருக்கிறது, எலிமென்ட்தான் அறுந்திருக்கிறது. முடியைவிட மெல்லிய நைக்ரோம் கம்பியை மைக்காவின் மேல் ஒன்றையொன்று தொடாமல் சுற்ற வேண்டும். நான் மூன்று முறை முயன்று மூன்று முறையும் அறுத்துவிட்டேன், கண்ணும் முன்போல் இல்லை. அந்த அளவுக்குப் பொருந்தும் புது எலிமென்ட் கோபியிலோ ஈரோட்டிலோ எனக்குக் கிடைக்கவில்லை. அயர்ன் எலிமென்ட் சுற்றத் தெரிந்தவர் எவரேனும் கொங்குப் பகுதியில் இன்னும் இருந்தால், இதே பகுதியில் ஒரு வரி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நூற்பாலை மின் பணியாளர்,
கோபிசெட்டிபாளையம்.